தியேட்டர் வூஃபர், மைக் செட் யூனிட் வைத்து வீட்டுக்கு ஹாரன் ஸ்பீக்கர்: யோசனை தேவை

தாடிக்கொம்பு:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் பல வருடமாக மூடிக் கிடந்த ஒரு தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். திரைக்குப் பின்னால் கிடந்ததை உரிமையாளரிடம் பேசி ரசீதோடு வாங்கிவிட்டேன்.

15 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) இரண்டு. காகிதக் கோன், ஓரத்தில் மடிப்பு மடிப்பாகத் துணி, பின்னால் அல்னிகோ மேக்னட், 16 ஓம். கோன் கிழியவில்லை. கம்ப்ரெஷன் டிரைவர், அதாவது ஹாரன் என்கிற விரிந்த குழலின் பின்னால் மாட்டி உயர்ந்த ஒலியைக் கொடுப்பது, இரண்டு. ஒன்றில் சத்தமே இல்லை, இன்னொன்று கரகரக்கிறது. பெயர்த் தகடு எதிலும் இல்லை. இது போக, பழைய இரும்புக் கடையிலிருந்து மைக் செட் யூனிட் (கூம்பு ஒலிபெருக்கியின் பின்னால் மாட்டுகிற, ஒலி எழுப்பும் பகுதி) நான்கு, கூம்போடு.

ஹால் 12க்கு 14 அடி. ஆம்ப் 2ஏ3 வால்வு போட்டது, பக்கத்துக்கு 3.5 வாட். கேட்பது எண்பதுகளின் சினிமாப் பாட்டு, நாதஸ்வரக் கச்சேரி. 40 ஹெர்ட்ஸிலிருந்து மேலே வரை முழுக்க முழுக்க ஹாரனாகவே செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

மைக்செட்காரர்:
தம்பி, முதலில் யூனிட்டைப் பார்ப்போம், அது என் ஏரியா.

நாலு யூனிட்டையும் கூம்பிலிருந்து கழற்று. பின் மூடியைத் திறந்தால் சிலதில் உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது 100 வோல்ட் லைனில் பல யூனிட்டை வரிசையாகப் போடுவதற்கு வைத்தது. வீட்டுக்கு அது வேண்டாம், கம்பியை நேராகக் காயிலுக்கே கொடு. அப்புறம் மல்டிமீட்டர் வை. 16 ஓம் யூனிட் என்றால் 11 முதல் 13 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்தது. டயாஃப்ரம் (காயிலோடு சேர்ந்து அதிரும் மெல்லிய தகடு) தனியாகக் கிடைக்கும், மாற்றலாம்.

கரகரப்புக்குப் பாதி நேரம் காரணம் இரும்புத் தூள்தான். மேக்னட் இடுக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது. பேப்பர் டேப்பைப் பசை வெளிப்பக்கம் வருகிற மாதிரி மடித்து, இடுக்கில் விட்டுச் சுற்றிச் சுற்றி இழு. கறுப்பாக வருவது நிற்கும்வரை செய்.

கூம்பைத் தூக்கி எறியாதே, ஆனால் வீட்டுக்கு அது ஆகாது. ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைத்தது தெரியுமா? திருவிழாவுக்கு அனுமதி கேட்டுப் போனால் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மாட்டினால் பறிமுதல். அதனால் எங்கள் ஆட்கள் கூம்பை அலுமினிய விலைக்கு எடை போட்டுவிட்டார்கள். யூனிட் சும்மா கூடவே போகிறது.

சும்மாகேக்குறேன்:
கோவிலில் காது கிழிய அலறுகிற குழாயை எதற்கு ஹாலுக்குள் கொண்டுவர வேண்டும்? இந்தச் செலவுக்கு நல்ல புத்தகஅலமாரி ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிடலாமே. கிண்டல் இல்லை, உண்மையிலேயே கேட்கிறேன்.

அரை_ஓம்:
நியாயமான கேள்விதான். கோவிலில் அலறுவது ஹாரனின் குணம் இல்லை. அங்கே ஆம்ப் முழுக்க முறுக்கப்பட்டிருக்கும், ஒலி கரடாகிப் போயிருக்கும். கூம்புக்குள்ளே பாதை இரண்டு முறை மடிந்து திரும்புகிறது. மழையில் நனையாமலும் கூம்பு நீளாமலும் இருக்க அப்படிச் செய்தார்கள். அந்த மடிப்பிலேயே மேல் சுருதிகள் பாழாகிவிடும். அதே யூனிட்டை நேரான ஹாரனில் அரை வாட்டில் கேட்டால் வேறு சாமான் போலிருக்கும்.

ஹாரன் எதற்கு என்பதற்கு: சாதாரண பெட்டி ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீட்டர் தள்ளி 88, 90 டெசிபல் கொடுக்கும். கொடுத்த மின்சாரத்தில் ஒரு சதவீதம்கூட ஒலியாக மாறுவதில்லை, மிச்சம் காயிலைச் சூடாக்குகிறது. லேசான காற்றைக் கனமான கோன் தள்ளுவதால் வருகிற நஷ்டம் அது. ஹாரனின் குறுகிய கழுத்தில் காற்று இறுகி நிற்கும். டயாஃப்ரம் தள்ளினால் எதிர்த்து நிற்கும், தள்ளிய தள்ளு வீணாகாமல் அகன்ற முனையான வாய்வரை போகும். நாதஸ்வரத்தில் ஊதுகிற சீவாளியின் நடுக்கம் உலவு என்ற குழல் வழியாக விரிந்து அணைசு என்ற அடிவாயில் வெளிவருவது போலத்தான். கம்ப்ரெஷன் டிரைவரை ஹாரனில் போட்டால் 105 டெசிபலுக்கு மேல் சர்வசாதாரணம். 3.5 வாட் ஆம்ப் வைத்திருப்பவருக்கு வேறு வழி அதிகம் இல்லை.

தியேட்டர்களில் இது வந்ததும் இதே காரணத்தால்தான். 1920களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது ஆம்ப் சில வாட்டுக்கு மேல் கிடையாது, நிரப்ப வேண்டியதோ ஆயிரம் இருக்கை. 1930களின் நடுவில் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் டக்ளஸ் ஷியரர், ஜான் ஹில்லியர்ட் குழு இருவழி (தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ஒன்று) ஹாரன் அமைப்பைச் செய்தது. அதே ஹில்லியர்டும் ஜேம்ஸ் லான்சிங்கும் பிறகு ஆல்டெக் கம்பெனியில் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ வரிசையைக் கொண்டுவந்தார்கள். தாடிக்கொம்பு கையில் இருப்பது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வம்சம் அதுதான்.

ஆனால் நண்பரே, 40 ஹெர்ட்ஸ் ஹாரன் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். கணக்கைப் பாருங்கள். ஹாரன் ஒழுங்காக வேலை செய்ய அதன் வாயின் சுற்றளவு, நாம் கேட்கிற மிகத் தாழ்ந்த சுருதியின் அலைநீளம் அளவுக்காவது இருக்க வேண்டும். 40 ஹெர்ட்ஸ் அலைநீளம் 8.6 மீட்டர். அப்படியானால் வாயின் விட்டம் 2.7 மீட்டர். ஒரு ஸ்பீக்கருக்கு!

தாடிக்கொம்பு:
ஆனால் கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஹாரன் ஸ்பீக்கரை வீட்டுக்குள்தானே வைக்கிறார்கள்? அது இவ்வளவு பெரிசு இல்லையே.

அரை_ஓம்:
பால் கிளிப்ஷ் 1946இல் விற்கத் தொடங்கியது, இன்றும் செய்கிறார்கள். அவருடைய சாமர்த்தியம் அறையின் மூலையைப் பயன்படுத்தியது. இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில் வைத்தால் ஒலி எட்டில் ஒரு பங்கு வெளியில்தான் பரவ வேண்டும், வாயின் பரப்பும் எட்டில் ஒரு பங்கு போதும். சுவர்களே ஹாரனின் கடைசிப் பகுதி ஆகிவிடுகின்றன.

அதை உங்களுக்குப் போட்டுப் பார்த்தால்: 40 ஹெர்ட்ஸுக்கு மூலையில் 0.74 சதுர மீட்டர் வாய், 400 சதுர செ.மீ. கழுத்திலிருந்து விரித்தால் பாதை நீளம் 2 மீட்டர். அதை மடித்துப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். இரண்டு மூலையும் காலியாக, பக்கத்தில் கதவு ஜன்னல் இல்லாமல் இருக்க வேண்டும். நம் வீட்டு ஹாலில் ஒரு மூலையில் கதவும் இன்னொரு மூலையில் பூஜை அலமாரியும் இருக்கும்.

மைக்செட்காரர்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். பேஸை ஹாரனில் கேட்டவனுக்கு மற்றதெல்லாம் தட்டையாகத்தான் இருக்கும். தவில் இடந்தலையில் குச்சி விழுகிற அடி நெஞ்சில் வந்து விழ வேண்டும். வெறும் ஓட்டைப் பெட்டியில் அது வராது. நாங்கள் W பெட்டி (உள்ளே ஹாரன் W போல மடிந்த பேஸ் பெட்டி) அடித்து ஊரையே ஆட்டியவர்கள்.

அரை_ஓம்:
அண்ணே, உங்கள் W பெட்டியை நாலு சேர்த்து அடுக்குவீர்கள், அதனால் நாலு வாயும் சேர்ந்து ஒரே பெரிய வாயாக வேலை செய்கிறது. ஒற்றைப் பெட்டியைத் திறந்த வெளியில் வைத்துப் பாருங்கள், 80க்குக் கீழே என்ன மிச்சம் இருக்கிறது என்று. அடி நெஞ்சில் விழுகிறது என்று நீங்கள் சொல்வது 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரைதான் பெரும்பாலும். அந்தப் பகுதியின் மேல்பாதியைத் தாராளமாக ஹாரனில் வைக்கலாம். அதைத்தான் ஆல்டெக் ஏ7 பெட்டி செய்கிறது.

வூஃபருக்கு முன்னால் குட்டையான ஹாரன், பின்னால் ஓட்டை வைத்த ரிஃப்ளெக்ஸ் பெட்டி. ஏறக்குறைய 150, 200 ஹெர்ட்ஸுக்கு மேலே ஹாரன் தூக்கிக் கொடுக்கும், கீழே பெட்டி பார்த்துக்கொள்ளும். 42 அங்குல உயரம், 30 அகலம், 24 ஆழம். 12 அடிச் சுவரில் இரண்டு பெட்டி வைத்தால் நடுவில் ஏழு அடி கிடைக்கும். தாடிக்கொம்புவின் வூஃபர் இப்படிப்பட்ட பெட்டிக்குள்தான் ஆயுள் முழுக்க இருந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கோன் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மறுபடி அளந்தால்தான் பெட்டியின் கொள்ளளவு தெரியும். எஃப்எஸ் (வூஃபர் தானாக அதிரும் சுருதி), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் எண்), விஏஎஸ் (கோனின் விறைப்புக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) மூன்றையும் எடுங்கள். ஹாரனுக்கு ஏற்ற வூஃபர் என்றால் மேக்னட் பலமாக, க்யூடிஎஸ் குறைவாக இருக்கும், 0.3 பக்கம். எஃப்எஸ் 40, க்யூடிஎஸ் 0.3 என்று வந்தால், டான் கீல் 1977இல் எழுதிய சூத்திரப்படி 2 × 40 ÷ 0.3, அதாவது 267 ஹெர்ட்ஸ் வரைதான் ஹாரனில் முழு பலம். அதற்கு மேலே மெல்ல இறங்கும். டேவிட் மெக்பீன் எழுதிய ஹார்ன்ரெஸ்ப் என்ற இலவச மென்பொருளில் இந்த எண்களைப் போட்டுப் பார்க்காமல் ஒரு பிளைவுட்டைக்கூட அறுக்காதீர்கள்.

கோவை_லேத்:
வூஃபர் மேக்னட்டைத் திறக்கலாமா என்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: கூடாது. அல்னிகோவை இரும்புக் கூட்டிலிருந்து பிரித்தால் அப்போதே காந்தம் கொஞ்சம் இறங்கிவிடும், திரும்ப மாட்டினாலும் பழைய பலம் வராது. மறுபடி காந்தமேற்றும் வசதி உள்ள இடத்தில்தான் சரிசெய்ய முடியும். காயில் கட்டுபவர் சிலர் சுத்தம் செய்கிறேன் என்று பிரித்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். கம்ப்ரெஷன் டிரைவரில் டயாஃப்ரம் மாற்ற மேக்னட்டைத் தொட வேண்டியதே இல்லை, பின் மூடி திறந்தால் போதும்.

யூனிட்டின் மரை பற்றி: பெரும்பாலானவற்றில் 1⅜ அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. உங்களுடையதை அளந்து அனுப்புங்கள், அலுமினியத்தில் அடாப்டர் கடைந்து தருவது சின்ன வேலை. உள் துளையின் விட்டம் முக்கியம். யூனிட் வாயும் ஹாரன் கழுத்தும் சேருமிடத்தில் அரை மில்லிமீட்டர் படிகூட இருக்கக்கூடாது, விரலை விட்டால் தட்டக்கூடாது.

தாடிக்கொம்பு:
சரி, பேஸ் ஹாரனைக் கைவிட்டேன், ஏ7 மாதிரியே போகிறேன். மைக்செட் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. நடுப்பகுதிக்குத் தியேட்டர் டிரைவரா, மைக் செட் யூனிட்டா? ஹாரனை எதில் செய்வது?

மைக்செட்காரர்:
கோபம் எல்லாம் இல்லை தம்பி. நடுவுக்கு யூனிட் போடு. பேச்சுக்காகவே பிறந்த சாமான் அது, குரல் முன்னால் வந்து நிற்கும்.

அரை_ஓம்:
இதில் அண்ணன் பக்கம்தான் நான். யூனிட்டின் டயாஃப்ரம் பிசின் ஏற்றிய ஃபீனாலிக், கொஞ்சம் கனம், நீளமாக அசையும். வீட்டுச் சத்தத்தில் 500 ஹெர்ட்ஸிலிருந்து தாங்கும். மேலே 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினால் மூச்சு வாங்கும், அதனால் மேலே ஒரு டுவீட்டர் (மிக உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கட்டாயம். தியேட்டர் டிரைவரை 800க்கு மேலே போட்டு இருவழியாகவும் செய்யலாம், ஆனால் சரியான டயாஃப்ரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெயர்த் தகடு இல்லாததற்கு டயாஃப்ரம் தேடுவது பெரும்பாடு.

ஹாரன் வடிவம்: கழுத்து 2.54 செ.மீ., 300 ஹெர்ட்ஸுக்கு எக்ஸ்போனென்ஷியல் கணக்கு. ஒவ்வொரு 6.3 செ.மீ.க்கும் பரப்பு இரட்டிப்பாகும். கழுத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி விட்டம் 4.4, 20இல் 7.6, 30இல் 13.1; 40இல் 22.7, 48.6 செ.மீ.யில் 36.4, அதோடு வாய் முடிகிறது. 300க்குக் கணக்குப் போட்டாலும் 500க்கு மேலேதான் ஓட்ட வேண்டும், எல்லைக்குப் பக்கத்தில் ஹாரன் முரண்டு பிடிக்கும்.

வாய் விளிம்பைச் சடாரென்று வெட்டி நிறுத்தாதீர்கள். ஒலி அங்கே முட்டித் திரும்பி கழுத்துவரை போகும், அதுதான் ‘குழாய்க்குள் பேசுகிற’ சத்தம். விளிம்பை வெளிப்பக்கமாக உருட்டி விடுங்கள். 1920களில் இங்கிலாந்தில் பால் வாய்ட் எடுத்துக்கொண்ட டிராக்ட்ரிக்ஸ் வளைவும், பின்னாளில் பிரான்சில் ழான் மிஷேல் லெ க்ளேயாக் கொடுத்த வளைவும் இந்த விளிம்புப் பிரச்சினையைத்தான் தீர்க்கின்றன. லெ க்ளேயாக் வளைவில் வாய் பின்னாலேயே சுருண்டு போகும், எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் இடம் அடைக்கும்.

கோவை_லேத்:
18 மி.மீ. பிளைவுட்டை வளையம் வளையமாக அறுத்து ஒட்டி, மேலே சொன்ன அளவுக்குக் கடையலாம். 27 வளையம் வரும். சாதாரண கமர்ஷியல் பிளை வேண்டாம், உள்ளே ஓட்டை இருந்தால் கடைகிற போது பிய்த்துக்கொண்டு வரும். மெரைன் பிளை வாங்குங்கள். 36 செ.மீ. விட்டம் சுற்றுகிற மர லேத் எல்லாப் பட்டறையிலும் இருக்காது, முதலிலேயே விசாரியுங்கள்.

தெற்குவீதி:
ஹாரன் பற்றி ஒன்றும் தெரியாது, என் தம்பி இந்த இழையைக் காட்டியதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் காகிதக் கூழில் கொலு பொம்மை செய்கிறோம். இந்த மாதிரி விரிந்த வடிவத்துக்குக் கூழ் நன்றாக வரும் என்று தோன்றுகிறது.

உள்பக்க வடிவத்துக்கு ஒரு அச்சு மட்டும் செய்துகொள்ளுங்கள், தெர்மோகோலில்கூட ஆகும். அதன் மேல் பாலிதீன் சுற்றி, கூழை அரை செ.மீ. கனத்துக்கு அப்பி, காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. மொத்தம் இரண்டு செ.மீ. வரை ஏற்றலாம். கூழோடு சாக் பவுடரும் மைதாப் பசையும். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. ஆனால் அது விஷம், கையுறை போடுங்கள், குழந்தைகள் பக்கம் வைக்காதீர்கள். வெயிலில் காய வைத்தால் வெடிக்கும், நிழலில்தான். மழைக்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

அரை_ஓம்:
அக்கா, இது பிரமாதமான யோசனை. அடித்தால் ‘டிங்’ என்று ஒலிக்கிற உலோகக் கூம்பைவிடக் கூழ் எவ்வளவோ மேல், அதிர்வைத் தின்றுவிடும். பழைய காலத்து கிராமஃபோன்களிலேயே காகிதக் கூழ் ஹாரன் உண்டு. உள்பக்கம் பட்டி போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் போதும்.

சும்மாகேக்குறேன்:
முதலில் கேலியாக வந்தவன் இப்போது தினமும் இந்த இழையைப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். வூஃபர் முன்னால் இருக்கிறது, யூனிட் அரை மீட்டர் பின்னால் இருக்கிறது. சத்தம் முன்பின்னாக வராதா?

அரை_ஓம்:
வரும். 49 செ.மீ. என்றால் 1.4 மில்லிசெகண்ட் தாமதம். 500 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலைக்கே 2 மில்லிசெகண்ட்தான், எனவே இணையும் இடத்தில் இரண்டும் சண்டை போடும். டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலி) வைத்தால் வூஃபரைத் தாமதப்படுத்தி முடித்துவிடலாம், ஆனால் அவரிடம் இருப்பது ஒரே ஒரு வால்வு ஆம்ப். ஏ7 பெட்டியின் அழகு இங்கேதான். முன்னால் குட்டை ஹாரன் இருப்பதால் வூஃபர் தானாகவே பெட்டிக்குள் பின்னே போய்விடுகிறது. யூனிட்டைப் பெட்டியின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தினால் இரண்டு காயிலையும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் கொண்டுவரலாம். ஆர்இடபிள்யூ என்ற ஒலி அளக்கும் மென்பொருளும் ஒரு அளவு மைக்கும் வைத்துச் சரியான இடத்தைப் பிடிக்க வேண்டும். யூனிட்டின் கம்பியை வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். 500இல் ஆழமான பள்ளம் விழுந்தால் இடம் சரி, கம்பியைத் திரும்பப் பழையபடி மாற்றுங்கள்.

தாடிக்கொம்பு:
நாலு யூனிட்டில் மூன்று உயிரோடு இருக்கிறது, டேப் வைத்தியத்தில் ஒன்று பிழைத்தது. அண்ணனுக்கு நன்றி. தெற்குவீதி அக்கா முறையில் அச்சு தயார் செய்கிறேன். கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்ததை யூனிட்டுக்கும் பிரித்துக் கொடுப்பது) எளிமையாக வேண்டும், காயில் சுற்றக் கை பழகவில்லை.

அரை_ஓம்:
முதல் வரிசை வடிகட்டியில், அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பாகம் போடுவதில், ஆரம்பியுங்கள். வூஃபருக்குத் தொடரில் 5 மில்லிஹென்றி காயில், கனமான கம்பியில், மெல்லியது போட்டால் பேஸ் தொளதொளவென்று ஆகும். யூனிட்டுக்கு 20 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கன்டென்சர். 16 ஓமில் இரண்டும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்.

யூனிட் வூஃபரைவிட 8 டெசிபல் போலச் சத்தமாக இருக்கும். கன்டென்சருக்குப் பிறகு தொடரில் 10 ஓம், யூனிட்டுக்குக் குறுக்கே 10 ஓம். 8.4 டெசிபல் இறங்கும், ஆம்ப் பார்க்கிற சுமையும் 16 ஓம் பக்கமே நிற்கும். உங்கள் ஆம்புக்கு 10 வாட் ரெசிஸ்டர் தாராளம். ஆம்பின் இரைச்சலும் யூனிட்டில் இதே அளவு அடங்கும், ராத்திரியில் இது பெரிய நிம்மதி. டுவீட்டர் 8 ஓம் என்றால் 4 மைக்ரோஃபாரட், 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து பாடும். அதன் அளவைக் காதால் கேட்டு இறக்குங்கள்.

அப்புறம் அறை. 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், இரண்டும் உங்கள் ஹால் தானாகவே முழங்குகிற இடம். பெட்டியின் ஓட்டையை 40க்குச் சுருதி சேர்த்தால் இரண்டும் கூடிக்கொண்டு குமுறும். கொஞ்சம் மேலே, 48, 50 பக்கம் வைத்துப் பாருங்கள், கீழே உள்ளதை அறை கொடுத்துவிடும். ஓட்டையை நீளம் மாற்றுகிற மாதிரி செய்யுங்கள், பிவிசி குழாய் போதும்.

மைக்செட்காரர்:
தியேட்டரிலிருந்து பழைய ஆம்ப் ஏதும் எடுத்தாயா? எடுத்திருந்தால் உள்ளே கை வைக்காதே. ஸ்விட்ச் அணைத்து வெகுநேரம் ஆனாலும் கன்டென்சரில் கரண்ட் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியில் மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு இருந்தால் முகமூடி போட்டு எடு.

தாடிக்கொம்பு:
ஆம்ப் எடுக்கவில்லை அண்ணே. பஞ்சு இருந்தது, தூக்கிப் போட்டாயிற்று. கோவை_லேத் சார், மூன்று யூனிட்டில் இரண்டுக்கு 1⅜ மரை சரியாக இருக்கிறது, ஆனால் ஒன்றின் துளை 22 மி.மீ., இன்னொன்றின் துளை 25. ஜோடி சேர்க்கலாமா?

கோவை_லேத்:
சேர்க்கலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே அடாப்டர் கடைய முடியாது. 22க்கு உள்ளதில் 22இல் ஆரம்பித்து 25இல் முடிகிற மாதிரி சரிவு வைத்துக் கடைகிறேன். உங்கள் ஹாரன் கணக்குப்படியே விரிந்தால் அதற்கு 2.3 செ.மீ. நீளம் வரும். மற்றதற்கு 25இல் நேராக அதே நீளம், அப்போதுதான் இரண்டு பக்கமும் காயில் ஒரே தூரத்தில் நிற்கும். மூன்றாவது யூனிட்டின் துளையையும் அளந்து சொல்லுங்கள், அது 25ஆக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

தாடிக்கொம்பு:
அது 25. மரை மட்டும் தேய்ந்திருக்கிறது.

கோவை_லேத்:
தேய்ந்த மரையைப் பார்த்துக்கொள்ளலாம், யூனிட்டை அனுப்புங்கள். தேய்ந்த பகுதியைக் கடைந்து எடுத்துவிட்டு மேலே ஒரு வளையம் ஏற்றி மரை போட்டுவிடுவேன். டயாஃப்ரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் உடம்பை மட்டும் அனுப்புங்கள், மேக்னட்டைப் பிரிக்காமல். லேத் தூள் முழுக்க இரும்பு.